எல்லாம் வல்ல நாயகன் எதற்கு?

சைபர்பங்க் 2077 விளையாட்டைத் தொடங்கும் எவருக்கும் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு கணக்கு வந்து நிற்கும். உடல்வலு, வேகம், தொழில்நுட்பம், அறிவு, நிதானம் என்று ஐந்து அடிப்படைத் திறன்கள். ஒவ்வொன்றிலும் 3 புள்ளிகள் ஏற்கெனவே உண்டு. மேற்கொண்டு பிரித்துப் போட 7 புள்ளிகள் கையில் தரப்படும். எதில் எவ்வளவு போடுகிறோமோ அதற்கேற்ப நம் பாத்திரம் வாள்வீரராகவோ, கணினிகளைக் கைப்பற்றும் ஹேக்கராகவோ, ஓசைப்படாமல் வந்து போகிறவராகவோ உருவெடுக்கும். இப்படித் திறன், ஆயுதம், கருவி எல்லாவற்றையும் ஒரு நோக்கத்தோடு சேர்ப்பதைத்தான் கேம் ஆடுகிறவர்கள் ‘பில்ட்’ என்கிறார்கள். புள்ளிகளைப் போடுமுன்பே ‘இருப்பதிலேயே பலமான பில்ட் எது’ என்று இணையத்தில் தேடுவது இன்று பலருக்கும் பழக்கம். கிடைக்கும் விடைகளும் பெரும்பாலும் ஓர் அடிக்கு எவ்வளவு சேதம், எத்தனை நொடியில் எதிரி விழுவான் என்ற கணக்குகளே. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பல மணி நேரம் நம்மோடு வரப்போகும் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவாது. இந்தப் பாத்திரத்தால் என்னென்ன புதிய காரியங்களைச் செய்ய முடியும், எந்த வழி அதற்கு அடைபட்டிருக்கும் என்ற இரண்டு கேள்விகளில்தான் விளையாட்டின் சுவை இருக்கிறது.

இந்த வகை விளையாட்டுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஒரு மனிதரை எண்களால் எழுதிவிடலாம் என்ற யோசனையைப் பரப்பியது அதுதான். அதே மரபில் மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் வெளியிட்ட மேசை விளையாட்டு சைபர்பங்க். பெருநிறுவனங்கள் ஆளும் ஊர், உடலில் இயந்திரங்களைப் பொருத்திக்கொண்டு அலையும் மனிதர்கள் என்று அவர் கற்பனை செய்த நைட் சிட்டியைத்தான் போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று வீடியோ கேமாகக் கொண்டுவந்தது. ‘வி’ என்ற கூலிப்படை ஆளாக நாம் அந்த ஊரில் திரிகிறோம். கதையை எழுதியவர்கள் நிறுவனத்தார். அதை நடத்திச் செல்லும் ஆள் எப்படிப்பட்டவர் என்பதை எழுதுவது நாம். அதனால் பில்ட் என்பதை வெறும் சண்டைத் தயாரிப்பாகப் பார்ப்பது, எழுதுகிற வேலையில் நம் பங்கை விட்டுக்கொடுப்பதாகும்.

முதலில் எண்களையே பார்ப்போம், ஏனென்றால் அவற்றிலேயே இந்த வாதம் தொடங்குகிறது. ஒவ்வொரு திறனுக்கும் உச்ச அளவு 20. ஐந்தையும் நிரப்ப 100 புள்ளிகள் வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் பாகத்தோடு ஆடினால் லெவல் 60 வரை போகலாம். அப்போதும் ஆரம்பப் புள்ளிகளைச் சேர்த்து மொத்தம் 81தான் கிடைக்கும். மூன்று திறன்களை 20க்கு ஏற்றினால் மீதி 21. அதை 15, 6 என்று இரண்டாகப் பிரிக்கலாம், அவ்வளவுதான். 4, 9, 15, 20 என்ற படிகளில்தான் பெர்க் எனப்படும் சிறப்பாற்றல்கள் திறக்கின்றன. ஆகவே இப்படி மூன்றில் உச்சத்தைத் தொட்டால், ஏதாவது ஒரு துறையில் உங்கள் ‘வி’ கடைசிவரை கற்றுக்குட்டியாகவே இருந்தாக வேண்டும். உடலில் பொருத்தும் கருவிகளிலும் இதே விதி. காலத்தையே மெதுவாக்கிக் காட்டும் சாண்டெவிஸ்டான், எதிரிகளின் உடலுக்குள் ஹேக் செய்து நுழைய உதவும் சைபர்டெக் இரண்டுக்கும் இடம் ஒன்றுதான். ஒன்றைப் பொருத்தினால் மற்றதை இழக்க வேண்டும். வடிவமைத்தவர்கள் நினைத்திருந்தால் 100 புள்ளிகளையும் கொடுத்திருக்கலாம். கொடுக்காததற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. சதுரங்கத்தில் எல்லாக் காய்களையும் ராணியாக்கிவிட்டால் ஆட்டத்தின் பலம் கூடும், ஆட்டம் போய்விடும். குதிரைக்கு நேராகப் போகத் தெரியாது என்பதால்தான் குதிரையை வைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டின் சொந்த வரலாறே இதற்கு இன்னொரு சான்று. 2020இல் வெளியானபோது அதன் பெர்க்குகளில் பல, சேதத்தைச் சில சதவீதம் கூட்டுவது, சுடும் துல்லியத்தைக் கொஞ்சம் உயர்த்துவது என்ற மாதிரியானவை. புள்ளியைப் போட்ட பிறகும் ஆடும் விதத்தில் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. எதிரி ஓரிரு குண்டு முன்னதாக விழுவான், அவ்வளவே. 2023 செப்டம்பர் 21 அன்று வந்த 2.0 புதுப்பிப்பில் நிறுவனம் இந்த அமைப்பையே பிரித்து மறுபடி கட்டியது. வேகத்தில் புள்ளி போட்டவர் காற்றில் பாய்ந்து திசை மாறலாம், வாளாலேயே தோட்டாக்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பலாம். அறிவில் போட்டவர் ஹேக் செய்யும் சக்தி தீர்ந்துபோனால் தன் உயிர்ச்சக்தியையே எரித்துத் தொடர்ந்து ஹேக் செய்யலாம். எண் கூடுவதற்குப் பதில் செயல் கூடியது. உடை விஷயத்திலும் அப்படியே. முன்பு சட்டைக்கும் தொப்பிக்கும் கவச மதிப்பு இருந்தது. அந்த மதிப்புக்காக ஒன்றுக்கொன்று பொருந்தாத உடைகளை மாட்டிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. 2.0க்குப் பிறகு கவசத்தின் பெரும்பகுதி உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்குப் போய்விட்டது. உடை பாத்திரத்தின் ரசனைக்கு விடப்பட்டது. மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அதை உருவாக்கியவர்களே வந்து சேர்ந்த முடிவு இது.

செயல் கூடுவது என்றால் என்ன என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் விளங்கும். நைட் சிட்டியில் அடிக்கடி வரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: கும்பல் ஆட்கள் காவல் காக்கும் கிடங்கு ஒன்றுக்குள் போய் ஒரு பொருளை எடுத்து வர வேண்டும். அறிவை வளர்த்த ‘வி’ தெருவுக்கு எதிர்ப்பக்கமே நின்றுவிடுவார். வாசலில் இருக்கும் கேமராவைக் கைப்பற்றி, அதன் கண்ணில் படும் அடுத்த கேமராவுக்குத் தாவி, கட்டடத்தின் உட்புறத்தை வெளியே நின்றபடியே பார்த்துவிடுவார். பிங் என்ற ஹேக்கைப் போட்டால் அந்த வலைப்பின்னலில் இருக்கும் காவலாளிகளின் உருவம் சுவர்களைத் தாண்டித் தெரியும். ஒருவன் மேல் நச்சுத் தொற்றை ஏவினால் பக்கத்தில் இருப்பவனுக்கும் பரவும். இன்னொருவனின் செயற்கைக் கண்களை அணைத்துவிடலாம். உடல்வலுவை வளர்த்த ‘வி’க்கு இதெல்லாம் தெரியாது. பூட்டிய கதவைக் கையால் நெம்பித் திறப்பார், தாங்கியில் பொருத்தியிருக்கும் எந்திரத் துப்பாக்கியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு நடப்பார். நிதானத்தை வளர்த்தவரோ குனிந்து, பதுங்கி, எறிகத்தி வீசுவார். வீசிய கத்தி திரும்பக் கைக்கு வரச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் எங்கே ஒளிவது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கிடங்கு ஒன்றுதான், காவலாளிகளும் அவர்கள்தான். ஆனால் முதலாமவர் பார்ப்பது வலைப்பின்னல், இரண்டாமவர் பார்ப்பது கதவும் தடுப்பும், மூன்றாமவர் பார்ப்பது நிழலும் இடைவெளியும். நல்ல பில்ட் கண்ணையே மாற்றுகிறது என்று இதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சேதக் கணக்கு இந்த வேறுபாடு எதையும் காட்டாது. மூன்று பேருக்கும் ஒரே எண் வந்தாலும் வரலாம்.

குறையே சுவையாவதற்கு இன்னும் பழைய, இன்னும் துணிச்சலான உதாரணம் ஃபால்அவுட். அணு யுத்தத்துக்குப் பிந்தைய அமெரிக்காவில் நடக்கும் இந்தக் கேம் 1997இல் வந்தது. வலிமை, கூர்நோக்கு, தாங்குதிறன், வசீகரம், அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு திறன்கள். ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை. ஆரம்பத்தில் மொத்தம் 40 புள்ளிகள். அறிவை 3க்கோ அதற்குக் கீழோ இறக்கிவிட்டால் நம் பாத்திரத்தால் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடியாது. உரையாடல்கள் வேறாக எழுதப்பட்டிருக்கும்; ஊர்க்காரர்கள் சிலர் இரங்குவார்கள், சிலர் விரட்டுவார்கள், பல வேலைகள் நம்மிடம் ஒப்படைக்கப்படவே மாட்டா. 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில் கிளமாத் என்ற ஊரில் டோர் என்று ஒருவன் வருகிறான். சாதாரணப் பாத்திரமாகப் போனால் அவன் பேச்சு தட்டுத் தடுமாறும். அறிவு குறைந்த பாத்திரமாகப் போனாலோ, இருவரும் கற்றறிந்தவர்கள்போல் நயமான நடையில் பேசிக்கொள்வார்கள். உலகம் மந்தம் என்று ஒதுக்கிய இருவருக்குள் அப்படியொரு முழுமையான பேச்சு இருந்திருக்கிறது என்பதை, பலமான பில்ட்டோடு போகிறவர் கடைசிவரை அறியவே மாட்டார். மறுமுனையில் முதல் பாகத்தின் முடிவு. மனிதர்களையெல்லாம் பிறழ்வுயிர்களாக மாற்றத் துடிக்கும் மாஸ்டர் என்ற பெரும் எதிரியைச் சண்டை போடாமலேயே வெல்லலாம். அந்தப் பிறழ்வுயிர்களுக்குச் சந்ததி கிடையாது என்ற ஆய்வுச் சான்றைத் தேடிப் பெற்று, பேச்சுத் திறனோடு எடுத்துவைத்தால், தன் திட்டமே பொய்த்துப்போனதை உணர்ந்து அவன் தன்னையே அழித்துக்கொள்வான். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஆளுக்கு எழுதிவைத்த அந்த முடிவைத்தான் இந்த வகை விளையாட்டுகளின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்றாக ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது: ஜெயிப்பதுதானே விளையாட்டின் இன்பம், பலமான பில்ட்டை வெறுப்பானேன்? பலத்தை வெறுக்க வேண்டியதில்லை. சாண்டெவிஸ்டானும் கட்டானா வாளும் சேர்ந்த பில்ட் மிகப் பலமானது. அதே சமயம் மிகச் சுவையானதும்கூட. உறைந்ததுபோல் நிற்கும் தோட்டாக்களுக்கு நடுவே யாரை முதலில் வெட்டுவது, நேரம் தீர்வதற்குள் எங்கே போய் நிற்பது என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதன் இன்பம் அந்த முடிவுகளில் இருக்கிறது. சேதத்தின் அளவில் இல்லை. எந்தப் பலமான பில்ட் முடிவெடுக்கும் வேலையையே நம்மிடமிருந்து பறித்துவிடுகிறதோ, அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஹேக்கை ஒவ்வொருவர் மேலும் ஏவி, தெருமுனையில் நின்றபடியே எல்லாரையும் சாய்த்துவிட முடியும் என்று தெரிந்தபின் உள்ளே போகக் காரணமே இருக்காது. சிவிலைசேஷன் 4 விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: வாய்ப்புக் கிடைத்தால் ஆடுகிறவர்கள் மிகச் சிக்கனமான வழியைத் தேடிப்பிடித்து, அந்த வழி சலிப்பூட்டினாலும் அதையே திரும்பத் திரும்பச் செய்து, விளையாட்டின் சுவையைத் தாங்களே வடித்துவிடுவார்கள் என்பது அவர் கருத்து. பலரும் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகளில் கதை வேறு. அங்கே நம் குழுவினரின் நேரமும் வெற்றியும் நம் தேர்வில் அடங்கியிருக்கின்றன. பலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கடமையாகவும் ஆகலாம். தனியாக ஆடும் கதை விளையாட்டில் அந்தக் கடமை யாருக்கும் இல்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. சுவைக்காக வித்தியாசமான பில்ட்டைத் தேர்ந்தெடுத்தால் பாதி வழியில் விளையாட்டு நம்மைத் தண்டிக்கும் என்கிறார்கள். நடந்திருக்கிறது. 2011இல் வந்த டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன், 2027ஆம் ஆண்டில் நடக்கும் கதை. பதுங்கிப் போகலாம், ஹேக் செய்யலாம், பேசியே சாதிக்கலாம் என்று முழுச் சுதந்திரம் கொடுத்தது. ஆனால் பெரிய எதிரிகளோடு மோதும் கட்டங்களில் நேரடிச் சண்டையைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. அதுவரை ஒரு தோட்டாகூடச் சுடாமல் நிழலில் நடந்து வந்தவர்கள் அந்த அறைகளில் மாட்டிக்கொண்டு திணறினார்கள். கண்டனம் பலமாக எழுந்தது. 2013இல் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பில் அந்த அறைகளை மாற்றி, ஹேக் செய்தும் ஒளிந்தும் வெல்ல வழி செய்தார்கள். குற்றம் ஆடியவர்கள் தேர்வில் இல்லை, கொடுத்த வாக்கை மீறிய வடிவமைப்பில் இருந்தது என்பதற்கு அந்தத் திருத்தமே சாட்சி. ஆனாலும் அதில் நமக்கொரு பாடம் உண்டு. குறையைத் தேர்ந்தெடுப்பது வேறு, கையாலாகாமல் நிற்பது வேறு. சைபர்பங்க் 2077இலும் பெரும்பாலான முடிவுகளில் ஆடம் ஸ்மாஷர் என்ற இயந்திர மனிதனோடு நேருக்கு நேர் மோதித்தான் ஆக வேண்டும். எப்படிப்பட்ட பில்ட்டாக இருந்தாலும், ஒளிய இடமில்லாத அறையில் என்ன செய்வேன் என்பதற்கு ஒரு விடையைக் கையில் வைத்திருப்பது நல்லது. அதற்கு மேலும் சிரமமாக இருந்தால் கடினநிலையைக் குறைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தை மாற்றுவதைவிடக் கடினநிலையை மாற்றுவது மேல். முன்னதில் இழப்பது நம் கதையை, பின்னதில் இழப்பது கொஞ்சம் வீம்பை மட்டும்தான்.

மூன்றாவது மறுப்பு, நேரம் இல்லாதவர்களுடையது. வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவர், தப்பும் தவறுமாகப் புள்ளி போட்டு வீணாக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியுமா? நியாயமான கேள்வி. ஆனால் 2.0க்குப் பிறகு அந்தப் பயத்துக்குப் பெரிய இடமில்லை. பெர்க்குகளில் போட்ட புள்ளிகளைச் செலவில்லாமல் எத்தனை முறையும் திரும்பப் பெறலாம். அடிப்படைத் திறன்களையே ஒரு முறை முழுதாகக் கலைத்து மறுபடி போடலாம். பரிசோதனைக்கு இவ்வளவு இடம் இருக்கும்போது யாரோ ஒருவருடைய பட்டியலை வரிக்கு வரி பின்பற்றுவதில்தான் நேரம் வீணாகிறது, ஏனென்றால் அந்தப் பட்டியல் அவருடைய விரலுக்கும் ரசனைக்கும் அமைந்தது. வழிகாட்டிகளைப் படிக்கவே கூடாது என்பதில்லை. எந்த ஆற்றல் எந்தப் படியில் திறக்கும், எதோடு எது ஒத்துப்போகும், எது விளக்கத்தில் சொன்னபடி வேலை செய்யவில்லை என்பவற்றை அவற்றிலிருந்து அறிவது புத்திசாலித்தனம். தகவலை வாங்கிக்கொண்டு முடிவை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்களுக்கும் கதைக்கும் உள்ள உறவு மிக ஆழமாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. பாண்ட்ஸ்மித்தின் மேசை விளையாட்டில், உடலில் ஒவ்வோர் இயந்திரத்தைப் பொருத்தும்போதும் மனிதத்தன்மைக்கான எண் குறையும். அது முழுதாகத் தீர்ந்துவிட்டால் பாத்திரம் சைபர்சைக்கோ என்ற வெறிநிலைக்குப் போய்விடும். அதன் பிறகு அந்தப் பாத்திரம் ஆடுகிறவர் கையில் இருக்காது. பலத்துக்கு இவ்வளவு வெளிப்படையாக விலை குறித்த விதி அபூர்வம். வீடியோ கேமில் அது மென்மையாக்கப்பட்டாலும் மறைந்துவிடவில்லை. தொழில்நுட்பத்தை 20க்கு ஏற்றியவர்களுக்கு எட்ஜ்ரன்னர் என்ற பெர்க் திறக்கும். உடல் தாங்கும் அளவை மீறிக் கருவிகளைப் பொருத்திக்கொள்ளலாம், மீற மீற உயிர்ச்சக்தியின் உச்ச அளவு குறைந்துகொண்டே போகும். இன்னொரு பக்கம் ரெஜினா ஜோன்ஸ் என்ற இடைத்தரகர் நகரில் திரியும் 17 சைபர்சைக்கோக்களைக் கொல்லாமல் பிடித்துத் தரும்படி கேட்கிறார். அவர்களைக் குணப்படுத்த முடியுமா என்பது அவர் கவலை. முஷ்டியாலும் தடியாலும் மட்டும் சண்டையிட்டு, யாரையும் கொல்லாமல் வீழ்த்தும் ‘வி’ ஒருவரை உருவாக்கி அந்த வேலைகளை ஏற்றுப் பாருங்கள். வாளும் வெடிகுண்டும் வைத்திருப்பவருக்கு அவை 17 சண்டைகள். இவருக்கு அவை 17 மீட்பு முயற்சிகள்; தனக்கும் நாளை இந்தக் கதி வரலாம் என்று உணர்ந்த ஒருவர் செய்யும் முயற்சிகள். சேத அட்டவணையில் கடைசி வரிசையில் நிற்கக்கூடிய பில்ட், கதையின் மையத்துக்கு மிக அருகில் போய் நிற்கிறது.

ஆகவே பில்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முன்வைக்கும் யோசனை. புள்ளிகளைத் தொடுமுன் உங்கள் ஆளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: ‘இவர் ஒருபோதும் முன்வாசல் வழியாகப் போக மாட்டார்’, ‘இவருக்குக் கணினி என்றாலே ஆகாது’, ‘இவர் யாரையும் கொல்ல மாட்டார்’. அந்த வாக்கியத்தில் ஒரு மறுப்பு இருக்கட்டும். குணம் துலங்குவது மறுப்பில்தான். பிறகு அந்த ஆளுக்குப் பொருந்தும் செயல்கள் இரண்டோ மூன்றோ எவை என்று பார்த்து, அவற்றைத் திறக்கும் படிகளுக்குப் புள்ளிகளைச் சேமியுங்கள். நேரடி மோதலுக்கு ஒரு கருவியை ஒதுக்குங்கள். பத்துப் பதினைந்து லெவல் போனதும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: ஒரு புதிய கட்டடத்தின் முன் நிற்கும்போது யோசிக்கிறேனா, அல்லது பழக்கத்தில் பொத்தானை அழுத்துகிறேனா? யோசித்தால் பில்ட் சரி. பழக்கம் என்றால், ஒரு முறைக்கு மட்டும் தரப்பட்ட அந்த மறுபகிர்வை அப்போது பயன்படுத்துங்கள். முழுப் பலத்தோடு ஆடிய பத்துப் பேரின் நைட் சிட்டிப் பயணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குறையோடு ஆடிய பத்துப் பேருக்குப் பத்துக் கதைகள் கிடைக்கும். அந்தப் பத்தில் ஒன்றை உங்களைத் தவிர வேறு யாராலும் உருவாக்கியிருக்க முடியாது.